மாவு ஏன் சூடாக வருகிறது?

மில்லில் அரைத்து வந்த மாவை யாரும் நேரே டப்பாவில் கொட்டி மூடுவதில்லை. பழைய செய்தித்தாளை விரித்து, பரப்பி, ஆற வைத்த பிறகுதான் எடுத்து வைப்பார்கள். ஃபேனைப் போடக்கூடாது, போட்டால் பாதி மாவு சுவரில் இருக்கும். சூட்டோடு மூடினால் கட்டி பிடிக்கும், பூசணம் பூக்கும் என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். சூடான மாவிலிருந்து கிளம்பும் ஆவி மூடியின் அடியில் வேர்த்து, திரும்ப மாவிலேயே சொட்டும். ஈரம் கண்ட இடத்தில் பூஞ்சை வரும்.

அந்தச் சூட்டைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 5 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 3.7 கிலோவாட். அந்தத் திறனில் ஒரு மணி நேரம் ஓடி 150 கிலோ தானியத்தை ஒரு மில் அரைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 90 கிலோஜூல் ஆற்றல் செலவாகிறது. மணியை உடைத்துத் துகளாக்க உண்மையில் தேவைப்படுவது இதில் துளியூண்டு. மிச்சம் அத்தனையும் உரசலில் போய் வெப்பமாகிறது. ஒரு கிலோ தானியத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்ற 1.8 கிலோஜூல் போதும். ஆக, முழுச் சூடும் மாவிலேயே தங்கினால் 50 டிகிரி ஏறும். கல்லும் காற்றும் பாதியை வாங்கிக்கொண்டாலும் 25 டிகிரி. கள்ளக்குறிச்சி வெயிலில் 35 டிகிரியில் உள்ளே போன தானியம் 60 டிகிரியில் வெளியே வருகிறது. கை சுடாமல் என்ன செய்யும்?

இந்தச் சூட்டைப் பற்றி ஊரில் நிறையப் பேச்சு உண்டு. ‘கல்லில் மெதுவாக அரைத்தது, சூடேறாதது, சத்துக் குறையாதது’ என்று அச்சடித்த பாக்கெட்டுகள் கடைகளில் தொங்குகின்றன. அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க மக்காச்சோளத்தை விடப் பொருத்தமான தானியம் இல்லை. அதைப் பார்க்கக் கல்வராயன் மலையடிவாரத்தை விடப் பொருத்தமான இடமும் இல்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கனந்தல், கச்சிராயபாளையம், சின்னசேலம் வட்டாரத்தில் தண்ணீர் வசதி உள்ள காட்டில் நெல்லும் கரும்பும்; மானாவாரியில் மரவள்ளி, பருத்தி, மக்காச்சோளம். மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆறு கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்குகிறது. பக்கத்திலேயே கூட்டுறவு சர்க்கரை ஆலை. ஆனால் அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கம் வண்டி ஓட்டிப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ரோட்டோரத்தில் மஞ்சளாக விரித்துக் கிடக்கும் மக்காச்சோளம்தான். களம் போதாமல் தார்ரோட்டின் ஒரு பாதியையே களமாக்கிவிடுவார்கள். டூவீலரில் போகிறவர்களுக்கு இது கோபம் தரும் விஷயம். காயப்போட இடமில்லாத விவசாயிக்கு வேறு வழியும் இல்லை.

கதிரடிப்பது டிராக்டர் வேலை. பின்னால் இழுத்து வரும் மிஷினை டிராக்டரின் பி.டி.ஓ. தண்டோடு மாட்டுகிறார்கள். இன்ஜினின் சுழற்சியைப் பின்பக்கமாக வெளியே கொடுக்கும் தண்டு அது; நிமிடத்துக்கு 540 சுற்று என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு. நொடிக்கு 9 சுற்று. தோளில் கிடக்கும் துண்டு நுனியை அது பிடித்தால் ஆள் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உறை இல்லாத தண்டுக்குப் பக்கத்தில் துண்டோடும் முந்தானையோடும் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மிஷினுக்குள் உருளை கதிரைச் சல்லடையோடு மோதி உரசி மணியை உதிர்க்கிறது. மணி மூட்டைக்கு, சக்கை குவியலுக்கு, தூசி எல்லோர் தலைக்கும்.

அங்கிருந்து மூட்டைகள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, ஊர்ப் பேச்சில் கமிட்டிக்கு, இல்லையென்றால் நேரே வியாபாரியின் லாரிக்கு. பெரும்பங்கு நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. விளைவித்தவர் வீட்டில் நாலு இளங்கதிரை அவித்தோ சுட்டோ தின்பதோடு சரி. கேழ்வரகும் கம்பும் களியாகவும் கூழாகவும் ஆன ஊரில் மக்காச்சோளம் மட்டும் பெரும்பாலும் மில் வாசலை மிதிக்காமலே போய்விடுகிறது.

அதே டிராக்டரில் கதிரடிக்கும் மிஷினுக்குப் பதிலாக மாவுக்கல்லை மாட்டினால்? அமெரிக்கக் கிராமங்களில் ஒரு காலத்தில் இது சர்வசாதாரணம். பின்பக்கத் தண்டை டிராக்டரில் வைத்து விற்கும் பழக்கத்தை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1918-இல் தொடங்கியது. அதற்கு முன்பும், பின்பு பல ஆண்டுகளும், டிராக்டரின் பக்கவாட்டில் ஒரு கப்பி இருக்கும். அதிலிருந்து நீளமான தட்டைப் பெல்ட் போட்டுக் கதிரடிப்பார்கள், மரம் அறுப்பார்கள், மக்காச்சோளம் அரைப்பார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் 1920-இல் தொடங்கிய டிராக்டர் சோதனைகளில் ஏர் இழுக்கும் திறனை ஒரு கணக்கு, பெல்ட்டில் கிடைக்கும் திறனைத் தனிக் கணக்கு என்றே எழுதி வைத்தார்கள். நார்த் கரோலினாவின் நார்த் வில்க்ஸ்போரோ ஊரில் மெடோஸ் கம்பெனி செய்த கருங்கல் மில்கள் இப்படித்தான் ஓடின. இன்றும் பழைய டிராக்டர் பிரியர்கள் கண்காட்சிகளில் அவற்றை ஓட்டி, கூட்டத்துக்கு முன்னால் மாவு அரைத்துக் காட்டுகிறார்கள்.

நம் ஊரில் அந்த இடத்தைப் பிடித்தது ஆயில் இன்ஜின். கரண்ட் வருவதற்கு முன்பு கிணற்றுத் தண்ணீரும் அதுதான், ரைஸ் மில்லும் அதுதான். 1930 வாக்கில் இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி கொண்டுவந்த, நிமிடத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைத்திறன் தரும் ஒற்றை சிலிண்டர் இன்ஜினை ராஜ்கோட்டில் அச்சு அசலாக வார்த்து இந்தியா முழுக்க விற்றார்கள். டிராக்டர் வந்தது பிறகு. ஃபரீதாபாத்தில் ஐஷர் இந்தியாவில் தயாரித்த முதல் டிராக்டரை 1959-இல் வெளியே விட்டது. சென்னையில் டாஃபே 1960-இல் தொடங்கியது. அதற்குள் நம் கிராமங்களில் கரண்டும் வர ஆரம்பித்திருந்தது. அதனால் டிராக்டரில் மாவு அரைக்கும் தேவை இங்கே பெரிதாக எழவில்லை. தட்டைப் பெல்ட் மட்டும் மாறவில்லை. பழைய ரைஸ் மில்லுக்குள் போனவர்களுக்கு, தலைக்கு மேலே ஓடிய அந்தப் பெல்ட்டும் அதன் இணைப்பு கப்பியைக் கடக்கும்போது கேட்கும் ‘டக்’ சத்தமும் மறக்காது.

பெல்ட் பார்ப்பதற்குத்தான் முரட்டு வஸ்து. உள்ளே இருக்கும் பௌதிகம் நுட்பமானது. டிராக்டர் கப்பி 10 அங்குலம், நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் பெல்ட் நொடிக்கு 16 மீட்டர் ஓடும். மணிக்கு 57 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸின் வேகம். மில்லின் கப்பி 20 அங்குலம் என்றால் கல் 600 சுற்று. பெல்ட்டின் நீளம் 50 அடி என்றால் நொடிக்கு ஏறக்குறைய ஒரு ‘டக்’. கண்ணை மூடிக்கொண்டே மில் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று சொல்லிவிடலாம்.

பல் இல்லை, சங்கிலி இல்லை; வெறும் உராய்வில் எப்படி இவ்வளவு திறன் கடத்தப்படுகிறது? பெல்ட்டின் ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்வாகவும் ஓடும். வழுக்காமல் அந்த இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதை ஆய்லர் பெயரால் வழங்கும் சூத்திரம் சொல்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்றால், கப்பியைப் பாதிச் சுற்று தழுவும் பெல்ட்டில் விறைப்புப் பக்கம் தளர்வுப் பக்கத்தைப் போல 2.57 மடங்கு இழுக்கலாம். தழுவல் 210 டிகிரி ஆனால் 3 மடங்கு. கோணத்தில் சிறிது கூட்டினாலும் பிடிப்பு மளமளவென்று ஏறுகிறது. பழைய ஆட்கள் பெல்ட்டை எட்டு போல முறுக்கிப் போட்டதன் ரகசியங்களில் ஒன்று இது. முறுக்கினால் இரண்டு கப்பிகளையும் கூடுதலாகத் தழுவும். மில் எதிர்த்திசையில் சுற்றும். காற்றில் படபடப்பதும் குறையும். நீளமான பெல்ட்டுக்கு இன்னொரு லாபம், அதன் சொந்தக் கனமே அதை இறுக்கிப் பிடிக்கிறது.

கப்பியின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அது தட்டையாக இல்லை என்பது தெரியும். நடுவில் லேசான மேடு; ஸ்கேல் இரண்டு பக்கமும் ஆடும். மேட்டின் மேல் ஓடுகிற பெல்ட் சரிந்து விழுந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. பெல்ட் ஒரு பக்கம் விலகினால் அந்தச் சரிவில் அது லேசாகச் சாய்கிறது. சாய்ந்ததால், அடுத்து வந்து கப்பியில் படும் பகுதி முன்னதை விட மேட்டுக்கு இன்னும் கொஞ்சம் பக்கமாகப் படுகிறது. சில சுற்றுகளில் பெல்ட் தானே நடுவுக்கு ஏறிவிடும். விளிம்பு கட்டிய கப்பியில் இது நடக்காது. அங்கே பெல்ட் ஓரத்தில் உரசிக் கிழியும்.

இனி கல். வீட்டு ஏந்திரத்தில் மேல்கல் நிமிடத்துக்கு 50 சுற்று வந்தாலே பெரிது. ஓர் அடி அகலக் கல்லின் விளிம்பு நொடிக்கு ஒரு மீட்டர்கூட நகராது. மில்லில் 24 அங்குலக் கல் 600 சுற்றில் ஓடும்போது விளிம்பு நொடிக்கு 19 மீட்டர் ஓடுகிறது. வேலையின் அடிப்படை இரண்டிலும் ஒன்றே. இரண்டு கல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுக்குழியில் இடைவெளி அகலம், விளிம்பை நெருங்க நெருங்கக் காகிதத் தடிமன். முகத்தில் வெட்டிய பள்ளங்கள் மேல்கல்லிலும் கீழ்க்கல்லிலும் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும். கல் சுற்றும்போது அவை கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப் போல ஒன்றையொன்று கடந்து மணியை நறுக்கி, துகளை வெளிப்பக்கம் தள்ளும். தானியம் தீர்ந்தும் மில் வெறுமனே ஓடினால் கல்லும் கல்லும் உரசிவிடும். மாவில் மண் நெறநெறப்பது அப்படி வருவதுதான்.

பள்ளத்தின் ஓரம் மழுங்கினால் கல் நறுக்காது, தேய்க்கும். கல்லைக் கொத்துவது இதற்காகத்தான். தெருவில் அம்மி கொத்த வந்தவர்கள் செய்ததும் மில்காரர் உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து செய்வதும் ஒரே வேலை. இங்கேதான் ‘மெதுவாக அரைத்தது’ என்ற பேச்சு முதலில் இடறுகிறது. மாவின் சூட்டைத் தீர்மானிப்பது கிலோவுக்கு எவ்வளவு ஆற்றல் செலவானது என்பது. கூரான கல் வேகமாக ஓடினாலும் குறைந்த செலவில் நறுக்கித் தள்ளும். மழுங்கிய கல் மெதுவாக ஓடினாலும் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கும். மெதுவாக அரைப்பதில் சூடு வெளியேற அவகாசம் உண்டு என்பது உண்மை, அவ்வளவுதான்.

அடுத்து, அந்தச் சூடு எதைக் கெடுக்கிறது? அதற்கு ஒரு மக்காச்சோள மணியை நீளவாக்கில் பிளந்து பார்க்க வேண்டும். வெளியே கண்ணாடி போல் மினுங்கும் தோல், எடையில் 5 சதவீதம். கதிரில் ஒட்டியிருந்த நுனியைச் சுரண்டினால் ஒரு கரும்படலம் தெரியும். மணி முற்றி, இனிமேல் அதற்குள் ஒன்றும் சேராது என்பதன் அடையாளம் அது. உள்ளே 82 சதவீதம் மாவுப்பகுதி. அதில் ஓரத்தில் இருப்பது மஞ்சளாகக் கெட்டி, நடுவில் இருப்பது வெள்ளையாகப் பொலபொல. கெட்டிப் பகுதி கல்லில் நொறுங்கி ரவையாகும். பொலபொலப் பகுதி தூள் மாவாகும். அதனால்தான் மக்காச்சோளத்தை ஒரே தடவை ஓட்டினாலும் ரவையும் மாவும் கலந்து விழுகின்றன. இவற்றுக்கு நடுவே, ஒரு பக்கமாக ஒதுங்கி, வெளிறிய நாக்கு போல முளைக்கரு. 11, 12 சதவீதம். மணியில் உள்ள எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தச் சின்னப் பகுதியில்தான் இருக்கிறது.

முழு மணியை அரைத்தால் அந்த எண்ணெய் மாவு முழுக்கப் பரவும். வாசனையும் ருசியும் அதில்தான் இருக்கின்றன. கேடும் அதில்தான். மணியாக இருக்கும்போது ஒன்றையொன்று தொடாமல் இருந்த எண்ணெயும் அதைச் சிதைக்கும் நொதியும் அரைத்ததும் கலந்துவிடுகின்றன. போதாததற்குக் காற்றும் படுகிறது. சில வாரங்களில் காறல் வாடை. கம்பு மாவை வாங்கி வைத்து ஏமாந்தவர்களுக்கு இது தெரியும். கம்பிலும் எண்ணெய் அதிகம், அதன் மாவு நாள்பட்டால் கசக்கும். சூடு இந்த ஓட்டத்தை விரைவுபடுத்தும். ஆனால் சில நொடிகள் 60 டிகிரி கண்டதாலேயே சத்து செத்துவிடும் என்பது மிகை. அதே மாவைக் களி கிண்டும்போது 90 டிகிரிக்கு மேல் கொதிக்க வைக்கிறோமே! மக்காச்சோள ஸ்டார்ச் தண்ணீர் குடித்து உப்பிக் கெட்டியாவதற்கே 62 முதல் 72 டிகிரி வேண்டும். நியாசின் போன்ற வைட்டமின் அடுப்புச் சூட்டுக்கே அசையாது.

உண்மையான இழப்பு வேறு இடத்தில். மாவு மாதக்கணக்கில் கடையில் கெடாமல் கிடக்க வேண்டும் என்றால் அரைப்பதற்கு முன்பே முளைக்கருவைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரிய ஆலைகள் அதைத்தான் செய்தன. கரு எண்ணெய்க்குப் போனது. வெளுத்த, நாள்பட நிற்கும் மாவு ரயிலேறித் தெற்கு மாநிலங்களின் ஏழை வீடுகளுக்குப் போனது. அங்கே அதே ஆண்டுகளில் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெலக்ரா நோய் பரவியது. தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். 1914-இல் அங்கே அனுப்பப்பட்ட டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர், இது சாப்பாட்டின் குறை என்று காட்டினார். நோயைத் தீர்ப்பது நியாசின் என்று 1937-இல் தெரிந்தது.

மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பை அவிழ்க்கச் சுண்ணாம்பு வேண்டும். மெக்சிகோவில்தான் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு காட்டுப்புல்லாக இருந்த இந்தப் பயிரை மனிதர்கள் வசப்படுத்தினார்கள். அங்கே மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, தோலைக் கழுவிய பிறகே அரைக்கிறார்கள். தானியம் உலகம் சுற்றியது, சுண்ணாம்புப் பழக்கம் கூடவே வரவில்லை. நம் பக்கத்தில் இது பெரிய ஆபத்தாகவில்லை. இங்கே மக்காச்சோளம் மட்டுமே தின்று வாழ்ந்தவர்கள் இல்லை. ஆனால் தக்காணத்தில் சோளத்தை மட்டுமே நம்பிய ஏழைகளிடம் பெலக்ரா இருந்தது. ஹைதராபாத்தில் டாக்டர் சி. கோபாலன் குழுவினர் அதை ஆராய்ந்தார்கள். அமெரிக்க மக்காச்சோள மாவு நம் ஊருக்கும் வந்ததுண்டு, 1960-களில், பள்ளி மதிய உணவுக்கு, கேர் என்ற உதவி அமைப்பு வழியாக. அதில் கிண்டிய மஞ்சள் உப்புமாவின் ருசியைப் பற்றி இன்றைக்கு அறுபதைத் தாண்டியவர்கள் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். முகம் சுளிப்பவர்களும் உண்டு.

ஆக, பாக்கெட்டில் பார்க்க வேண்டியது ‘கல்லில் அரைத்தது’ என்ற எழுத்தை அல்ல. முளைக்கரு உள்ளே இருக்கிறதா என்பதை. ஆறு மாதம் கெடாது என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சொந்தமாக அரைக்க நினைப்பவர்கள் சூட்டை விட ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். வியாபாரி மீட்டர் வைத்து 14 சதவீத ஈரம் பார்ப்பார். விவசாயி பல்லில் கடித்துப் பார்ப்பார். ‘டக்’கென்று உடைய வேண்டும், மெத்தென்று நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். சரியாகக் காயாத கதிரில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1974-இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்றவர்களுக்கு ஈரல் கெட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நஞ்சு மில் சூட்டிலும் போகாது, அடுப்பிலும் போகாது. பச்சை பூத்த மணியை முறத்திலேயே பொறுக்கி எறிய வேண்டும். அரைத்த பிறகு எது எந்த மணி என்று யாருக்கும் தெரியாது. கோழிக்குப் போட்டாலும் கேடுதான்.

டிராக்டர் யோசனைக்கு வருவோம். 35 குதிரைத்திறன் டிராக்டரை ஓடவிட்டு 5 குதிரைத்திறன் மில்லைச் சுற்றுவது டீசலுக்குக் கேடு. இன்ஜின் அரைப் பாரத்துக்குக் கீழே ஓடும்போது, வேலை கொஞ்சமாக இருந்தாலும் தன் சொந்த உராய்வுக்கே நிறைய எரிக்கும். மூன்று பேஸ் கரண்ட் உள்ள வடக்கனந்தலில் மோட்டார் மில்லோடு டிராக்டர் போட்டி போட முடியாது. தமிழ்நாட்டின் இன்னொரு மலையான கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சாமைக்கும் தினைக்கும் ஊரிலேயே சின்ன மில்களை வைக்க உதவியபோது உரலும் உலக்கையும் பிடித்த பெண்களின் வேலை குறைந்தது என்றால், அதற்குக் காரணம் மில்லின் திறன் மட்டும் அல்ல, அது நடக்கும் தூரத்தில் இருந்ததும்தான். கல்வராயன் மலையிலும் சாமைதான் பழைய சோறு. சாமைக்குத் தொல்லை தருவது எண்ணெய் அல்ல, உமி. அதற்கு வேறு மிஷின், வேறு கல்.

டிராக்டருக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு. கதிரடிக்க அது எப்படியும் களத்துக்கு வருகிறது. அடித்து முடித்த அதே இடத்தில், அதே தண்டில் ஒரு மாவுக்கல்லையும் மாட்டினால், லாரி ஏறும் முன்பு வீட்டுக்கு வேண்டிய ஒரு மூட்டையை முளைக்கருவோடு அரைத்துக்கொள்ளலாம். கூடுதல் டீசல் ஓரிரண்டு லிட்டர். அரைத்ததைச் சலித்தால் ரவை உப்புமாவுக்கு, மாவு களிக்கு, தவிடு மாட்டுக்கு. ஒரு மூட்டையை ஒரே தடவையில் அரைக்காமல் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, மிச்சத்தை மணியாகவே வைப்பது நல்லது. மணி ஒரு வருஷம் நிற்கும். அதற்கு மில் களத்துக்கு மறுபடியும் மறுபடியும் வர வேண்டும், டிராக்டர்காரர் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். வாடகை மணிக் கணக்கில் ஓடுகிற ஊரில் அவர் சட்டென்று ஒத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.